சுவரில் ஒட்டிய கண்ணாடி

எனக்குப் பூமியின்மேல் நம்பிக்கை கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் வெளியே சொல்வதில்லை. பதினோரு வயதுவரை நான் வளர்ந்த ஊர் அப்படி.

வடக்கே தாமோதர் ஆற்றுப் பக்கம் ஒரு நிலக்கரி ஊர் அது. அப்பா அங்கே சுரங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டுக்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே கரி, மறுபடியும் பாறை, மறுபடியும் கரி என்று அடுக்கடுக்காக இருந்ததாம். டைனோசர் பிறப்பதற்கும் முன்னால் சதுப்பில் விழுந்து மக்கிய காடு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தோண்டினார்கள். மேல்பாறை விழாமலிருக்க நடுநடுவே கரியையே தூணாக விட்டுவிட்டுத் தோண்டுவார்கள். கரி தீரப்போகிற காலத்தில் அந்தத் தூண்களையும் எடுத்துவிட்டு, காலியான இடத்தை ஆற்று மணலால் நிரப்ப வேண்டும். நிரப்பினார்களா, நிரப்பியதாக எழுதிவைத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் அதன்மேல்தான் பாய் விரித்துப் படுத்தோம்.

அதனால் அந்த ஊரில் எந்தச் சுவரில் விரிசல் விட்டாலும் அதன் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவார்கள். இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் காரை. கீழே மண் இறங்கினால் விரிசல் அகலும், கண்ணாடி உடையும். உடைந்த சத்தம் கேட்டால் தெருவுக்கு ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது. யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தெருவுக்குப் போனபிறகுதான் தலை எண்ணுவது. அம்மா எனக்கும் தம்பிக்கும் சோற்றோடு சேர்த்து இதையும் ஊட்டினாள்.

எனக்கு எட்டு வயதில் ஒருநாள் காலையில் உடைந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். சோறு அடுப்பில் கொதிக்க, நாங்கள் தெருவில் நின்றோம். அம்மா எங்கள் தலையில் கைவைத்து "ஒண்ணு, ரெண்டு" என்றாள். பிறகு தன் நெஞ்சில் கைவைத்து "மூணு" என்றாள். சாயங்காலத்துக்குள் அடுத்த வீட்டு அடுப்படி கிணறு மாதிரி உள்ளே போய்விட்டது.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். மழை பெய்தால் தரை வெடிப்பிலிருந்து புகை வரும். உள்ளே மிச்சமிருந்த கரி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஊர் காலியாயிற்று. நாங்கள் மதராஸுக்கு ரயில் ஏறினோம். வளர்ந்து நான் வாழ்க்கைப்பட்டது தி.நகரில், மாமனார் கட்டிய தரைவீட்டில். வந்த புதிதில் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்ப்பேன். என் கணவர் சிரிப்பார்.

"இது ஏரி பூமிடி. எங்கப்பா கடக்கால் தோண்டும்போது களிமண்ணும் நத்தை ஓடும்தான் வந்துச்சாம். உங்க ஊர் மாதிரி உள்ள பொள்ளல் எல்லாம் கிடையாது."

நாற்பது வருஷம் அந்தப் பேச்சை நம்பினேன். அப்புறம் சுரங்க ரயிலுக்காகப் பூமிக்கடியில் துளைக்கிற மிஷின் எங்கள் பக்கம் வந்தது.

அதற்கு முந்தின வருஷம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. கூடத்தில் கட்டில். நாக்கு கொஞ்சம் குழறும், கேலிக்குக் குறைவில்லை. மிஷின் எங்கள் தெருவைக் கடக்கும்வரை வேறிடத்தில் போய்த் தங்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "எங்கப்பா கட்டின வீடு. நான் வரலை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைத் தனியாகத் தூக்க என்னால் முடியாது. மண் இறங்கினால் இவரை எப்படி வெளியே கொண்டுபோவேன்? பல் தேய்க்கும்போதுகூட அந்த ஒரே நினைப்புதான்.

நடையில் ஒரு பழைய விரிசல் உண்டு. ரயில் வேலைக்காக வீடுகளை அளவெடுக்க வந்த பொறியாளர் பெண், விரிசல் அகன்றால் தெரிவதற்காக அதன்மேல் கோடு போட்ட பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டினாள். எனக்கு அது போதவில்லை. விரிசல் அகன்றால் பட்டை சத்தம் போடுமா? படத்துக்கு ஃபிரேம் போடும் கடையில் கண்ணாடித் துண்டு வெட்டி வாங்கி, ஹார்டுவேர் கடையில் கிடைத்த வெள்ளை சிமெண்டால் நானே ஒட்டினேன். சைதாப்பேட்டையிலிருந்து காலையில் உதவிக்கு வரும் பெண் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கண்ணாடிய செவுத்துல ஒட்டிக்கினு கீற? மூஞ்சிகூட முழுசா தெரியாது போலகீதே" என்றாள்.

அவளை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். வாசல் இரண்டு படிக்கும் பலகை போட்டாயிற்று. சக்கர நாற்காலி எப்போதும் நடையில், கட்டிலிலிருந்து நாலு எட்டில். அவரைத் தூக்காமல் கட்டிலிலிருந்து சரித்து உட்கார்த்தி, தள்ளி, தெருவுக்கு; நான் தனியாகவே செய்யப் பழகினேன். ஊர் வழக்கத்தை அவருக்கும் விளக்கினேன். "ஓடறதுக்கே உங்க ஊர்ல பாடம் நடத்திருக்காங்க" என்றார்.

மிஷின் நெருங்க நெருங்க அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு ஆகி உதவிக்கு வரும் பெண்ணும் கிளம்பிப் போயிருந்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன்.

'டிக்' என்றது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது தெரு. செருப்பில்லாத காலைத் தார் சுட்டது. எதிரே இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கியபடி என்னையே பார்த்தார். என் இரண்டு கையும் காலி. வலது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "ஒண்ணு" என்றேன்.

அதற்குமேல் எண்ண ஆள் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. படியேறி உள்ளே ஓடினேன். நடையில் சக்கர நாற்காலி சுவரோரம் கோணிக்கொண்டு நின்றது. நான்தான் அதைத் தள்ளியிருக்கிறேன், வழியில் நிற்கிறது என்று. அவர் கட்டிலில் கண் திறந்துதான் படுத்திருந்தார். அவர் கால்மாட்டைத் தாண்டித்தான் நான் ஓடியிருக்க வேண்டும்.

"ஏன் என்னைக் கூப்பிடலை?" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். என் தப்புக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"கூப்பிடக் கூடாதுன்னு நீதானே சொன்னே" என்றார். நல்ல கையை என் தலையில் வைத்து, "ரெண்டு" என்றார்.

நான் அழுதேன். கூடம் அப்படியே இருந்தது, தரையில் ஒரு கோடுகூட இல்லை. சாயங்காலம் பொறியாளர் பெண் வந்து பட்டையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, மயிரிழைகூட நகரலை. வெள்ளை சிமெண்ட் காயும்போது சுருங்கும். அதான் இழுத்து உடைச்சிருக்கு. சுண்ணாம்பா இருந்தா கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கும்."

இரண்டு வாரத்தில் மிஷின் எங்களைக் கடந்து போய்விட்டது. டம்ளர்கள் அடங்கின. தெருவில் எல்லோரும் நிம்மதியானார்கள். நான் எதிரில் வரும்போதெல்லாம் அவர் "ரெண்டு" என்று கேலி செய்கிறார். அவருக்கு என்மேல் வருத்தம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்தேன், ஆனால் அந்தச் சத்தம் கேட்டபோது என் காலுக்கு எட்டு வயதுதான். இன்னொரு முறை கேட்டால் அந்தக் கால் என்ன செய்யும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

கண்ணாடியைப் பெயர்த்து எறிந்துவிட்டேன். சக்கர நாற்காலியை மட்டும் இப்போது நடையின் நட்டநடுவே, குறுக்காக, தள்ளினால் நகராதபடி பிரேக் போட்டு நிறுத்திவைக்கிறேன்.