ஐயா, அந்த அழுக்கு எனக்கு வேண்டும்!

தொல்லியல் அறிவியல் படிப்பவருக்கு அழுக்குதான் சோறு. ஊராருக்கோ அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. பானை ஓடுகளையும் எலும்பையும் கட்டிக்கொண்டு முதுகலைப் பட்டத்துக்கு முட்டி மோதும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நாகர்கோவில்காரி, படிப்பது திருவனந்தபுரத்தில். முதுமக்கள் தாழிக்குள் செத்தவருக்காக வைத்த சின்னப் பானைகளில் என்ன உணவு இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வேடு. பானைச் சுவரில் ஊறிய கொழுப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவினாலோ, கை பட்டாலோ போச்சு. அது போனால் இந்த வருஷம் பட்டமும் போச்சு.

குழாயடி உபசாரம்

கல்லாறு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு தாழி கிடைத்தது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஜோசப் சேட்டன் தங்கமான மனிதர். எங்களுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறினார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவர் ஓடுகளையும் கழுவி முடித்திருந்தார். ஹோஸ் பைப்பைப் பிடித்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து! எடுத்து வைத்திருந்த இரண்டு பானைகளின் ஓடுகளும் சந்தைக்கு வந்த புதுச்சட்டி மாதிரி பளபளத்தன. குழிக்குள்ளேயே கிடந்த ஒரே ஒரு பானைதான் தப்பியது. நான் ஓடிப்போய்க் குழியை மறைத்து நின்றேன். அவரோ வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "அழுக்கோட கொண்டு போயால் நாட்டுகார் எந்து பறையும் மோளே?"

குறிலும் நெடிலும்

மிஞ்சிய பானையின் ஓடுகளைக் கையுறை போட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் சுற்றினேன். பிளாஸ்டிக் ஆகாது, அதிலிருந்தும் பசை இறங்கும். பொன்முடியிலிருந்து இறங்கும் வண்டிகளை வழியில் விதுராவில் போலீசார் நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் என்ன என்றார் ஏட்டு. பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. "தோண்டி எடுத்தது சார்" என்றேன். அவர் காதில் 'தொண்டி' என்று விழுந்தது. மலையாளத்தில் தொண்டி என்றால் போலீசார் கைப்பற்றும் திருட்டுச் சாமான்.

கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்ட கள்ளியை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார். பொட்டலத்தை அவர் தொடப்போக, "ஐயோ, தொடாதீங்க" என்று நான் அலற, சந்தேகம் உறுதியாகிவிட்டது. பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டு, அனுமதிக் கடிதத்தை வாட்ஸ்ஆப்பில் வரவழைத்து, நானே கையுறையோடு ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஏட்டு முகம் தொங்கிப்போயிற்று. "உடஞ்ஞ சட்டியா? என்றெ வீட்டில் இஷ்டம் போலெ உண்டு, வந்து எடுத்தோ மோளே."

குதித்த கதை

மறுநாள் ஹர்த்தால், ஆய்வகம் பூட்டு. வேறு வழியில்லாமல் கழக்கூட்டத்தில் நான் தங்கியிருக்கும் ஃபிளாட்டின் ஃபிரிட்ஜில் பொட்டலங்களை வைத்து, அதற்கடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில வாரம் கழித்து முடிவு வந்தது. பானையில் தேங்காயெண்ணெய்! அந்தக் காலத்திலேயே தேங்காயெண்ணெய்! ஆய்வக வராந்தாவிலேயே குதித்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு சந்தோஷத்தில் அழுதேன்.

என் பேராசிரியர் பாலக்காட்டுக்காரர், லேசில் குதிக்கிற ஆளில்லை. ஓட்டின் வெளிப்பக்கத்தையும் சோதிக்கச் சொன்னார். உள்ளே இருந்ததைவிட வெளியே எண்ணெய் அதிகம். பானைக்குள் வைத்த பண்டம் வெளிப்பக்கத்தில் எப்படி அதிகமாக ஒட்டும்? எவர் கையோ பட்டிருக்கிறது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஊரிலே தேங்காயெண்ணெய் படாத சாமான் ஒண்ணு காட்டு பார்ப்போம், அப்பறம் குதிக்கலாம்."

சால்னா

ஃபிளாட்டில் என்னோடு இருப்பது செல்வி அக்கா. திருநெல்வேலிக்காரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மனசில் கள்ளமே கிடையாது, அதுதான் தொல்லை. ஹர்த்தால் அன்று ஃபிரிட்ஜைத் திறந்தாயா என்று கேட்டேன். திறந்தாளாம். கடையெல்லாம் அடைப்பு, நல்ல பசி. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, குளிப்பதற்கு முன்னால் எதையாவது வாயில் போடலாம் என்று பார்த்தாளாம். எண்ணெய்க் கையோடு பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என் மனம் கோணக்கூடாதென்று பழையபடியே மடித்தும் வைத்திருக்கிறாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருந்தது அந்த ஒரு பானைதான். இனி வேறு தாழி கிடைத்து, வேறு பானை எடுத்து, பட்டம் அடுத்த வருஷம்தான். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தன் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடவில்லை: "ஏட்டி, நான் பரோட்டான்னுல்லா ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், சால்னாவ வேற வீடு பூரா தேடுனேன்!"

ஆக, அந்தக் காலத்தில் செத்தவருக்கு என்ன படைத்தார்கள் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்ட நான், செல்வி அக்கா தலைக்கு என்ன தேய்க்கிறாள் என்பதை அறிவியல்பூர்வமாக, ஐயம் திரிபற நிரூபித்திருக்கிறேன்.