கூட்டிவரப் போனவர்கள்

பெங்களூரின் விமான நிலையம் ஊருக்குள்ளிருந்து ஊருக்கு வெளியே இடம் மாறியபோது நான் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற பகுதியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மழை பெய்தால் கரகரக்கும் ஒரு போன். பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் போடுவது என் வேலை. கார் அனுப்புவது முதலாளியின் பொறுப்பு. அதற்கான நோட்டு அவருடைய மேசை டிராயரில் இருக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதுவரை ஒரு விமான நிலையத்தையும் நேரில் பார்த்ததில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு விமானம் என்றால் பெங்களூர்தான். எஸ்டேட்காரர்கள், போர்டிங் ஸ்கூலில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோர்கள், கன்னியாஸ்திரிகள், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஓசூர் வழியாக அங்கேதான் போனார்கள். பழைய விமான நிலையம் ஓசூர் ரோட்டுக்குப் பக்கத்துப் பகுதியில் இருந்தது. புதியது நகரத்துக்கு அந்தப்புறம், வடக்கே. அதாவது எங்களுக்கும் விமானத்துக்கும் நடுவில் பெங்களூர் முழுவதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாறும் தேதி தெரிந்ததும், அதற்குப் பிறகு பயணம் செய்கிறவர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். தேதி தள்ளிப்போனது. மறுபடி எல்லோருக்கும் போன் செய்து, பழைய இடத்துக்கே போங்கள் என்றேன். புதுத் தேதி வந்தது. மூன்றாம் முறையும் போனை எடுத்தேன். ஒரு எஸ்டேட் முதலாளி, "நீங்க முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கம்மா" என்றார், இடத்தை மாற்றுவது நான்தான் என்பதுபோல.

முதல் முறை போன் செய்தபோதே எனக்கு ஒன்று உறுத்தியது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் டிரைவர்களில் மூத்தவருக்கும் தெரியவில்லை. பழைய இடத்துக்கு அவர் நூறு தடவையாவது போயிருப்பார். புதியதைப் பற்றிப் பேசினால், "அங்க இன்னும் கட்டீட்டே இருக்கறாங்களாமுங்க" என்று மட்டும் சொல்வார். முதலாளியிடம் கேட்டேன். ஒரு குடும்பத்தைப் பெங்களூரில் இறக்கிவிடப் போகிற கார் காலியாகத்தானே திரும்பும், அதில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

போனேன். நோட்டில் நேரம் குறித்துக்கொண்டே போனேன். ஓசூர் தாண்டியது, சில்க் போர்டு சிக்னலில் நின்றது, ரிங் ரோட்டில் ஊர்ந்தது, ஹெப்பால் பாலத்தில் மூத்தவர் வழி தவறி நேராகப் போய்த் திரும்பி வந்தது, எல்லாம் அதில் இருந்தது. புதிய நிலையத்தின் வாசலில் காவலாளி எங்களை நிறுத்தி, இன்னும் திறக்கவில்லை என்று இந்தியில் சொன்னார். தூரத்தில் பெரிய கண்ணாடிச் சுவர் தெரிந்தது. மூத்தவர் காரை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "இத்தன பெரிசு எதுக்குங்க அம்மிணி" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு வந்ததும் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். மலையிலிருந்து கிளம்பும் நேரம், எங்கே டீ குடிக்க நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது, ஹெப்பாலில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், உள்ளே போனதும் முதலில் எதைக் காட்ட வேண்டும். அதை ஜெராக்ஸ் எடுத்து டிக்கெட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். டெல்லியில் ராணுவத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன வாழவந்தி கிராமத்துக்காரர் ஒருவர் அதைக் கடையிலேயே நின்று இரண்டு தடவை வாசித்தார். "ஏனுங்க, அந்தப் பழைய ஏர்ப்போட்ட இனி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வெறுமனே போட்டு வெக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மாறிய பிறகு முதல் மூன்று நாட்கள் ஒரு குறையும் இல்லை. போனவர்கள் எல்லோரும் விமானம் ஏறினார்கள். மூத்தவர் ஒரு தடவை போய் வந்து, ரோடு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கு அந்த நாட்களில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் நாள் பகல் பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. எங்கள் டிரைவர்களில் இளையவர், புதிதாகச் சேர்ந்தவர்.

"மேடம், இங்க கேட்டு பூட்டியிருக்குதுங்க. ஒரு சனமில்ல."

"எங்க இருக்கறீங்க?"

"ஏர்ப்போட்டுலதாங்க. பெங்களூர்ல. நாகலூர் அக்கா வந்திருக்கறாங்க. அவிங்க ஊட்டுக்காரரக் கூட்டிட்டுப் போகோணும்."

முதலாளியின் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது: பெங்களூர் ஏர்போர்ட், புறப்பாடு காலை ஐந்தரை, நாகலூர். அவ்வளவுதான். என் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் நான் டிக்கெட் போட்டவர்கள், இங்கிருந்து போகிறவர்கள். அங்கிருந்து வருகிறவர்கள் உண்டு, அவர்களைக் கூட்டிவரப் போகிறவர்கள் உண்டு என்பது மூன்று முறை போன் செய்தும் எனக்குத் தோன்றவில்லை. முதலாளி எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார். தவறு என்னுடையது. வழி சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டவள் நான்.

அந்த அக்காவை எனக்குத் தெரியும். நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வளைகுடாவுக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. முதல் கம்பெனியை விட்டு ஓடிப்போய், காகிதங்கள் இல்லாமல் வேறு வேறு இடங்களில் வேலை செய்திருக்கிறார். வெளியே வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று ஊர் திரும்பவே இல்லை. அந்த நாட்டு அரசு இப்படிப்பட்டவர்களைத் தண்டனையில்லாமல் போக அனுமதித்தபோது பெயர் கொடுத்திருந்தார். இதெல்லாம் ஒண்டிக்கடையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. காருக்குச் சொல்ல வந்த அன்று அந்த அக்கா எங்கள் போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிப்போனார். அடுத்த முறை கணவர் கூப்பிடும்போது சொல்வதற்காம்.

"அக்காகிட்ட குடுங்க" என்றேன்.

"காருக்குள்ள உக்காந்திருக்கறாங்க. அவிங்களுக்கு இன்னும் சொல்லலீங்க."

"சொல்லீருங்க. ஏர்ப்போர்ட் மாறிப்போச்சு, நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்னு சொல்லுங்க. அப்பறம் நான் சொல்ற வழியில கெளம்புங்க."

என் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வழி சொன்னேன். டிரைவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை, சரிங்க சரிங்க என்றார். கணவரின் விமானம் பன்னிரண்டு மணிக்கு. கார் அங்கே போய்ச் சேர எப்படியும் இரண்டு மணி நேரம்.

ஒன்றேகாலுக்கு அடுத்த போன். இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல், மிக மரியாதையாக.

"ஏனுங்க, ஏற்காடு டிராவல்ஸுங்களா? நான் நாகலூருங்க. வெளிய வந்துட்டேன். யாரையும் காணமுங்க."

பொதுப் போனிலிருந்து பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன். மனைவி வந்திருக்கிறார், வேறு இடத்துக்குப் போய்விட்டார், இப்போது அங்கேதான் வந்துகொண்டிருக்கிறார், இருக்கும் இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்றேன்.

"இங்க பஸ்ஸு நிக்குதுங்க. டவுனுக்குப் போகுதாமா. ஏறி எதுக்க வந்துரட்டுங்களா?"

"வேண்டாங்க. நீங்களும் கெளம்பினா ரெண்டு பேரும் வழியில தவறிருவீங்க. அங்கயே இருங்க."

சரி என்றார். பிறகு, "அவ நல்லா இருக்கறாளுங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். போன் கட்டானது.

அந்தப் பகலில் ஏழெட்டு முறை டிரைவரோடு பேசினேன். ஹெப்பாலில் அவரும் பாலத்தில் நேராகப் போய், தும்கூர் ரோட்டுப் பக்கம் வெகுதூரம் போய்விட்டார். நின்று திரும்பச் சொன்னேன். நடுவில் இருவர் சென்னைக்கு பஸ் டிக்கெட் கேட்டு வந்தார்கள், போட்டுக் கொடுத்தேன். மூன்றரை மணிக்கு டிரைவர் கூப்பிட்டு, "கெடைச்சுட்டாருங்க" என்றார். எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டேன். தூணோரம் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். அக்கா பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டிரைவரைப் பார்த்து, எழுப்புங்க என்றாராம்.

திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நினைத்துக் கடையிலேயே இருந்தேன். இரவு பதினொன்றுக்குக் கார் வந்தது. கணவர் இறங்கவில்லை. முன் சீட்டில் சாய்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்கா மட்டும் இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"என் தப்புக்கா" என்றேன். "உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கோணும்."

"உடு கண்ணு. வந்து சேந்தாச்சு."

தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தப் பூட்டின கேட்டுக்கு முன்னால கார்ல உக்காந்திருந்தனில்ல. அந்தத் தம்பி எனக்கு ஒண்ணுஞ் சொல்லல, போன் பண்ணப் போயிருந்தான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஏரோப்ளானே வரல போல, இந்த வாட்டியும் அவரு வரலயாட்டமிருக்குதுன்னு நெனச்சேன்."

"கஷ்டமா இருந்திருக்கும்."

"அதுதான் இல்ல கண்ணு. நொம்ப நிம்மதியா இருந்துச்சு. ஊட்டுக்குப் போயிச் சோறாக்கித் தின்னுட்டு, காத்தால வேலைக்குப் போயிக்கலாம்னு இருந்துச்சு. அப்பறம் அந்தத் தம்பி வந்து வேற எடத்துக்குப் போகோணும்னு சொன்னான். சரின்னேன்."

அக்கா டம்ளரை மேசையில் வைத்தார். எழுந்து, "அவருகிட்டச் சொல்லீராதே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் கார் நோட்டை என் மேசைக்கு மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் பெங்களூர் என்று இருந்த எல்லோருக்கும் போன் செய்தேன். ஒன்பது பேர். அதில் ஆறு பேர் பழைய இடத்துக்குப் போவதாக இருந்தார்கள்.

கணவர் ஊரிலேயே தங்கிவிட்டார். முதல் வருஷம் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை என்று சொன்னார்கள். பிறகு அக்கா வேலை செய்த எஸ்டேட்டிலேயே பம்பு செட் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் இருவரும் ஒன்றாகப் போவார்கள். அவர் பத்தடி முன்னால், அக்கா பின்னால். சில வருஷங்களுக்குப் பிறகு பஸ்ஸில் பார்த்தபோது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரு பலாப்பழத்தை யார் மடியில் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லபடியாக இருந்தார்களா என்று கேட்டால், இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கணவர் என்னை எங்கே பார்த்தாலும் அந்தப் பகலைப் பற்றிப் பேசுவார். எனக்குச் சங்கடமாக இருக்கும். அவருக்கு அதில் கோபமே கிடையாது.

"அன்னிக்குத் தூங்கினேன் பாருங்க, அப்பிடி ஒரு தூக்கம். பதினோரு வருஷத்துல பகல்ல கண்ண மூடுனதில்லீங்க. எவன் வந்து எதைக் கேப்பானோன்னே இருக்கும். அங்க ஆரும் ஒண்ணுங் கேக்கல. நீங்க வேற நகராதீங்கன்னு சொல்லீட்டீங்க."

பக்கத்தில் அக்கா பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.