வர முடியாது என்று எழுதிய மெயில்

1. அடைத்துக்கொண்ட இன்பாக்ஸ்

அன்று காலை எங்கள் ஆபீஸ் மெயில் அடைத்துக்கொண்டது. ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் கம்பெனி. சாம்பிள் ஷூவைப் பையருக்கு, அதாவது வெளிநாட்டில் வாங்குகிற கம்பெனிக்கு, அனுப்பி, மெயிலில் அப்ரூவல் வாங்குவது என் வேலை. அது வந்தால்தான் கட்டிங்கில் தோல்மேல் கத்தி வைக்க முடியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள். ஆபீஸ் முழுக்க ஒரே ஒரு மெயில் ஐடி.

மேனேஜர் இக்பால் பாய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, அப்ரூவல் வந்துச்சா இல்லையா? கட்டிங்ல எல்லாம் கைய கட்டிக்கினு நிக்கிறாங்க."

"இன்பாக்ஸ் ஃபுல் சார். எவனோ பக்கிள் சப்ளையர் போட்டோவா அனுப்பித் தள்ளியிருக்கான்."

"பேஜார் புடிச்சவன். மொதல்ல அத தூக்கிப் போடு."

திறந்தேன். கம்பெனியை அவருடைய தாத்தா தொடங்கிய கதை, வாங்கிய ஷீல்டுகள், ரிப்பன் வெட்டிய படங்கள். என்ன பக்கிள், என்ன அளவு என்பது எங்கேயும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருக்கும் கம்பெனிகளின் முகவரியெல்லாம் மேலே வரிசையாக நின்றன. எல்லோருக்கும் ஒரே மெயில். அப்படியே அழித்தேன்.

அழித்த பிறகுதான் உறைத்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வரும் வழியில், வேலூரில் என் வீட்டுப் பக்கம், பாகாயத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானும் இதே மாதிரி ஒன்றைத்தான் அனுப்பியிருந்தேன்.

2. நான் அனுப்பிய லட்சணம்

எனக்கு நடிப்புப் பைத்தியம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் வேஷம், கம்பெனி ஆண்டு விழாவில் காமெடி. வயது முப்பத்தாறு ஆகியிருந்தது. இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து, வேலூரில் ஒரு படம் எடுக்கப் போகிறார்கள், சின்ன வேஷங்களுக்கு உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்று செய்தி வந்தது. சென்னையில் காஸ்டிங் பார்க்கும் விமலா என்பவரின் மெயில் ஐடியும் கிடைத்தது. அந்த வேஷம் எனக்கு வேண்டும். சோறு தண்ணி இறங்காத அளவுக்கு வேண்டும்.

என்ன அனுப்பினேன் தெரியுமா? ஞாயிறுப் பள்ளியில் தேவதை வேஷம் போட்டதிலிருந்து என் சரித்திரம். கல்யாண போட்டோ உட்பட எட்டுப் படங்கள். "எந்த வேஷமானாலும், எந்த நாளானாலும் வருவேன்" என்று ஒரு உருக்கம். அதையே இன்னும் நாலு காஸ்டிங்காரர்களுக்கும் சேர்த்து ஒரே மெயிலில் தட்டிவிட்டேன். மறுநாள் காலை "பார்த்தீர்களா மேடம்?" சாயங்காலம் மறுபடியும் "பார்த்தீர்களா மேடம்?"

பக்கிள்காரர் தேவலை. அவர் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

3. பத்து வரி

சப்ளையர்களில் நான் உடனே திறக்கும் மெயிலும் ஒன்று இருந்தது. குடியாத்தத்தில் ஷூவுக்கு லைனிங் துணி போடும் தறிக்காரருடையது. தலைப்பிலேயே துணி, நிறம், அகலம் இருக்கும். உள்ளே, எவ்வளவு கைவசம் இருக்கிறது, எந்தத் தேதிக்குக் கொடுக்க முடியும். கடைசியில், "ஒத்துவராது என்றால் ஒரு வரி எழுதுங்கள், போதும்." அவ்வளவுதான். இல்லை என்று சொல்வதற்குக்கூட நமக்கு வழி விட்டு எழுதுகிற மனிதர்.

அன்று சாயங்காலம் விமலா மேடத்துக்கு மட்டும் புதிதாக எழுதினேன். தலைப்பில், "வேலூர்ப் படப்பிடிப்பு, நர்ஸ் அல்லது டீச்சர் வேஷம், ஸ்டெல்லா, 36." உள்ளே உயரம், இருக்கும் ஊர், பேசும் மொழிகள், போட்ட மூன்று வேஷங்கள், போன் நம்பர். மேக்கப் இல்லாமல் அந்த மாதம் எடுத்த ஒரே ஒரு படம், அதுவும் சின்ன அளவில். முன்னால் அனுப்பியதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி. நன்றி. பத்து வரிக்குள் முடிந்துவிட்டது.

எழுதியது சுலபம். அதற்குப் பிறகு சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. பஸ்ஸில் இருப்பு கொள்ளவில்லை. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். இன்னொரு தடவை கேட்டால் என்ன என்று விரல் துடிக்கும். பக்கிள்காரரை நினைத்து அடக்கிக்கொள்வேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு காட்சி, நர்ஸ் வேஷம், பேச இரண்டு வசனம். வருகிற வியாழன், வெள்ளி. வர முடியுமா?

4. வியாழக்கிழமை

அதே வியாழன், வெள்ளியில்தான் பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, தையலுக்கும் சாயத்துக்கும் கேள்வி கேட்பார். பதில் சொல்ல வேண்டியவள் நான். இக்பால் பாயிடம் போய் நின்றேன்.

"வியாழக்கிழமையா? நீ இல்லாம அந்தாளுக்கு யாரும்மா பதில் சொல்றது? வேற எந்த நாள் வேணா கேளு, வேணாம்னா சொல்றேன்? இது சரக்கு போற விஷயம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் எனக்கு ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது. சாம்பிள் ரூமில் பக்கத்து டேபிள் மேரி காதோரம் சொன்னாள்.

"வர்றேன்னு மொதல்ல போட்டுடுக்கா. அன்னிக்கு காலைல ஜுரம்னு யாருக்காச்சும் போன் பண்ணிக்கலாம்."

யாருக்கு? இங்கேயா, அங்கேயா? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து "வர்றேன்" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். சென்டர்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் பையருக்கு ஒரு தேதி சொல்லிவிட்டு அன்று சரக்கு கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நர்ஸ் வராவிட்டால், கேமராவும் விளக்கும் வராண்டாவில் காத்துக்கிடக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறவர் விமலா.

கடைசியில் இப்படி எழுதினேன்: "மேடம், வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வேலையில் இன்ஸ்பெக்‌ஷன். வர முடியாது. இப்போதே சொன்னால் வேறு ஆள் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கும் என்பதால் உடனே எழுதுகிறேன். சனிக்கிழமை முதல் வரலாம். கேட்டதற்கு நன்றி."

அனுப்பிவிட்டு வெளியே வந்து ரோட்டில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அடக்க முடியவில்லை.

பதில் இல்லை. வியாழக்கிழமை ஷூ பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். மனசு பூராவும் வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருந்தது. சரக்கு பாஸ் ஆனது. படத்தை அப்புறம் தியேட்டரில் பார்த்தேன். என் வேஷத்தில் வேறொரு பெண். நன்றாகவே செய்திருந்தாள், அதுவும் பொறுக்கவில்லை.

5. போன்

அதற்குப் பிறகு விமலா மேடத்துக்கு நான் எழுதியது ஒரே ஒரு மெயில். படம் பார்த்தேன், நன்றாக இருந்தது, என்று இரண்டு வரி. வேஷம் கேட்கவில்லை. கேட்கத் துடித்த துடிப்பு கர்த்தருக்குத்தான் தெரியும்.

மாதங்கள் போயின. ஒரு நாள் சாம்பிள் ரூமில் செல்போன் அடித்தது.

"ஸ்டெல்லா மேடம்தானே? விமலா பேசறேன். ஒரு சீரியல். அரக்கோணம் பக்கம் ஷூட்டிங். ஹெட்மிஸ்ட்ரஸ் ரோல், அடுத்த மாசம் மொத வாரம் நாலு நாள் வேலை. உங்க டேட்ஸ் எப்படி?"

கையிலிருந்த சாம்பிளை டேபிள்மேல் வைத்தேன். "என்னை ஞாபகம் இருக்கா மேடம்?"

"உண்மையைச் சொல்லட்டுமா? உங்க மூஞ்சி சுத்தமா ஞாபகம் இல்ல. அன்னிக்கு எனக்கு எழுதினவங்க எல்லாரும் எந்த நாளும் வர்றேன்னாங்க. பாதிப் பேர் வரவே இல்ல, போனையும் ஆஃப் பண்ணிட்டாங்க. வர முடியாதுன்னு முன்னாடியே எழுதினவங்க நீங்க ஒருத்தர்தான். அதான் தேடி எடுத்தேன். போட்டோ மறுபடி அனுப்புங்க, ஒண்ணு போதும்."

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சின்னதும் பெரியதுமாக வேஷங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வாய்ப்புக் கேட்கும் பிள்ளைகள் தங்கள் செய்தியை அனுப்புமுன் என்னிடம் காட்டுகிறார்கள். ராத்திரியில் "ஹாய் மேடம்" போடாதே, ஊருக்கெல்லாம் ஒரே செய்தியைத் தட்டாதே, ஒரு வாரம் பொறுத்து ஒரு தடவை மட்டும் கேள் என்று சொல்கிறேன். "எந்த நாளும் வருவேன்" என்ற வரியை மட்டும் நானே அடித்துவிடுகிறேன். முடியாத நாளை எழுது என்றால் முகம் சுண்டிப்போகிறது அவர்களுக்கு. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

அன்று போனில், "ஒரு நிமிஷம் இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு இக்பால் பாயிடம் ஓடினேன். அந்த நாலு நாளில் இன்ஸ்பெக்‌ஷன் ஏதும் இல்லையே என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல, போய்ட்டு வாம்மா," என்றார்.

அதற்குப் பிறகுதான் போனை எடுத்து, "வர்றேன் மேடம்," என்றேன்.