சீட்டில் எழுதிய பெயர்

அடுத்தவர்கள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுத்தே பதினான்கு வருடம் போய்விட்டது. பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தவள் நான். நானாக நாலு வரி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஜெராக்ஸ் கடை மில்லர்புரத்தில், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் இறங்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது. காலையில் தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து வாங்குவார்கள். எது யாருடையது என்று தெரிய, மேல் தாளின் மூலையில் ஒரு சின்னச் சீட்டை ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். எனக்குப் பெயர் கேட்கக் கூச்சம். அதனால் நானே பெயர் வைத்தேன். நகல் எடுக்கும்போது சீட்டைக் கழற்றி மறுபடி ஒட்டி வைப்பேன், கொடுக்கும்போது பிய்த்துக் கூடையில் போட்டுவிடுவேன்.

முதல் வருடத்திலேயே கறுப்புக் கோட்டு தைத்து, சித்திரை வெயிலிலும் கழற்றாமல் டீ குடிக்கிறவன் 'கோட்டு'. எதற்கெடுத்தாலும் சட்டப்பிரிவு சொல்லுகிறவள் 'செக்‌ஷன்'. ஒருநாள் அவள் தாளில் மை லேசாக ஈஷிவிட்டது. "இது சேவைக் குறைபாடுக்கா. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா நீங்க தோத்துருவீங்க. ஆனா நா போமாட்டேன், நீங்க நல்லவங்க" என்றாள். வகுப்பில் இருக்கிற எல்லோருடைய நோட்டையும் நகல் எடுத்துக்கொண்டு போய், பிரிக்காமலேயே வைத்திருந்து, பரீட்சைக்கு முந்தின நாள் அதே கட்டைக் கொண்டுவந்து, "இதுல முக்கியமானத மட்டும் எடுத்துக் குடுங்கக்கா" என்று என்னிடமே கேட்டவன் 'மூட்டை'.

பிறகு தருவைகுளத்திலிருந்து வருகிற ஒரு பையன். மெஷின் ஓடும்போது பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி வழக்குப் பேசுவான். மெஷின் நின்றால் அவனும் நிறுத்திவிடுவான். அவனுக்கு 'சுவர் வக்கீல்' என்று எழுதினேன்.

கடையில் வாய் திறக்காத நான் வீட்டில் இவர்களையெல்லாம் நடித்துக் காட்டுவேன். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர், "ஏளா, இன்னைக்கு சுவர் வக்கீலு கேஸ் ஜெயிச்சானா?" என்பார். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்து நின்று கையை ஆட்டுவேன். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு நடிப்பு இன்னும் வரும்.

ஒருநாள் சுவர் வக்கீல் தானாகவே என்னிடம் பேசினான். கல்லூரியில் கோர்ட்டு மாதிரியே வைத்து வழக்காடும் போட்டி வருகிறதாம். "போன வருசம் எந்திரிச்சேன், ஒரு வார்த்த வரலக்கா. அப்படியே உக்காந்துட்டேன். இது கடைசி வருசம். இதுலயும் பேசலன்னா நாளைக்குக் கோர்ட்டுல எப்படிப் பேச? வீட்டுல பேசிப் பாத்தா தங்கச்சிமாரு சிரிக்காளுவ, காலேஜ்ல இவனுவ. இங்கன மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது. நீங்களும் சிரிக்க மாட்டீங்க."

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கத்தான் செய்தேன்.

போட்டிக்கு முந்தின நாள் காலை, நீதிபதிகளிடம் கொடுக்கும் வாதக்குறிப்பைக் கொண்டுவந்தான். ஆறு பிரதி, நீல அட்டை, ஸ்பைரல். பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அவசரத்தில் முதல் பக்கத்தைச் சீட்டோடு கண்ணாடியில் கவிழ்த்துவிட்டேன். ஆறு முதல் பக்கத்திலும், அவன் பெயருக்கு மேலே, 'சுவர் வக்கீல்' என்று விழுந்திருந்தது. பார்க்காமல் அட்டையும் போட்டுக் கோத்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு பேரும் சேர்ந்து வந்தார்கள். எதையுமே பிரிக்காத மூட்டைதான் முதலில் பிரித்தான்.

"ஏலே, இங்கன பாருல. சுவர் வக்கீலாம்ல."

கோட்டு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கனம் சுவர் அவர்களே" என்று கடைச் சுவருக்கு ஒரு கும்பிடு போட்டான். "அவதூறு. கேஸ் நிக்கும்" என்று செக்‌ஷன் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். தருவைகுளத்துப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது யாருக்கா எழுதுனது?"

"தெரியலப்பா," என்றேன். "உங்ககூட வர்ற பிள்ளைகள்ல யாராவது வெளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க." சொல்லும்போது மூட்டையின் முகத்தைப் பார்த்தும்விட்டேன்.

"நா எழுதலக்கா. என் எழுத்து எனக்கே வெளங்காது," என்றான் மூட்டை.

மெஷினுக்கு மேலே 'வரிசையில் வரவும்' என்று நான் எழுதி ஒட்டிய அட்டை இருக்கிறது. 'வ' எழுதும்போது கீழே ஒரு வால் இழுத்துவிடுவது பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பழக்கம். தருவைகுளத்துப் பையன் அட்டையைப் பார்த்தான். கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் பார்த்தான். பிறகு என்னை.

மற்றவர்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரிக்கா. மொதப் பக்கத்த மட்டும் மாத்திக் குடுங்க," என்றான்.

சீட்டைப் பிய்த்துவிட்டு ஆறு பக்கமும் புதிதாக எடுத்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்து நின்றான். நான்தான் எழுதினேன் என்று சொல்ல அவ்வளவு நேரம் தாராளம். சொல்லவில்லை. கூச்சத்தை இத்தனை வருடம் ஒரு நல்ல குணம்போல வைத்திருந்தேன்.

வீட்டில், "இன்னைக்கு யாருளா வந்தா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். யாரும் வரவில்லை என்றேன்.

மறுநாள் போட்டி நடந்தது. "பாதி வரைக்கும் பேசுனான்க்கா, அப்புறம் நின்னுட்டான்," என்று செக்‌ஷன் சாயங்காலம் வந்து சொன்னாள். ஒரு நோட்டைக் கொடுத்தாள். பெயர் கேட்டு, சீட்டில் எழுதி ஒட்டினேன்.