இருக்கைக்கு அடியில் பிஸ்கட் டின்

இங்கிலாந்தின் கவண்ட்ரியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக் கூரை ஒழுகினால் கவலையில்லை, காரின் தரை துருப்பிடித்தால் தூக்கம் போய்விடும். அவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் நெவில் ஸ்டான்டிஷின் பட்டறையில்தான். "நான் போட்ட தரையில யானையைக் கட்டலாம்" என்று பீற்றிக்கொள்வான். பீற்றல்தான், ஆனால் பொய்யில்லை. கதவு இடைவெளியில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்காமல் பழைய தரையில் கை வைக்க மாட்டான். கூரையில்லாத காருக்குத் தரைதான் முதுகெலும்பு. அவசரப்பட்டு வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடவே மூடாது.

இளவயதில் அவன் இப்படி இல்லை. அப்போது அவன் பெயர் பிஸ்கட் நெவில். துருப்பிடித்த ஓட்டையின் மேல் பிஸ்கட் டின்னைத் தட்டி நிமிர்த்தி வைத்து, பட்டி பூசி, கெட்டியாகத் தார் அடித்துவிடுவான். ஆண்டுப் பரிசோதனையில் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஊரே அப்படித்தான் செய்தது, யாரும் வெட்கப்படவில்லை.

போன மார்ச்சில் மோரீன் என்ற விதவை ஒரு பச்சைக் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கணவர் டெரன்ஸ் 1987இல் மழைநாளில் ஒரு வளைவில் கற்சுவரில் மோதிச் செத்துப்போனார். கண்மூடித்தனமான வேகம் என்று விசாரணையில் எழுதினார்கள். ஆனால் காரின் மூக்கு கொஞ்சம்தான் நசுங்கியிருந்தது. இத்தனை வருஷம் ஷெட்டில் கிடந்ததைச் சரிசெய்து மகன் கிரெய்குக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

ஓட்டுநர் இருக்கை தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அதன் போல்ட்டுகளோடு ஒரு தகரத் துண்டும் பிய்ந்து வந்திருந்தது. நெவில் தாரைச் சுரண்டினான். தகரத்தில் அச்சடித்திருந்த சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். அவன் அம்மா கிறிஸ்துமஸுக்கு வாங்கிய டின். கார் வியாபாரி ஒருவருக்காக அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொடுத்த வேலை அது. காரை யார் வாங்கினார்கள் என்று அவன் கேட்டதே இல்லை.

குப்பைத் தொட்டி பத்தடியில் இருந்தது. போட்டுவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பயந்துதான் போனான். இரண்டு நாள் அந்தத் தகரத்தை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தான். மூன்றாம் நாள் மோரீனை வரச்சொல்லி, தகரத்தை அவர் முன்னால் வைத்தான்.

"இது நான் ஒட்டினது, மோரீன். இருக்கையை இதுலதான் முடுக்கியிருந்தாங்க. மூக்கைப் பாருங்க, அவர் வேகமா வரவே இல்லை. மோதினதும் இது பிய்ஞ்சிருக்கு. தரை நல்லா இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பார்."

மோரீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க மறந்து, மற்றக் கையால் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேசினார். குரல் உயரவேயில்லை.

"கல்லறையில எல்லாரும் 'அன்புக் கணவர்'னு எழுதுவாங்க. நான் எழுத விடலை, நெவில். பேரும் தேதியும் போதும்னுட்டேன். நாலு வயசுப் பிள்ளைகிட்ட, உங்கப்பன் கொழுப்பெடுத்துச் செத்தான்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தேன்."

அவன் மன்னிப்பு என்று வாயெடுத்தான்.

"அதை மட்டும் கேட்காதீங்க. தரையைப் போட்டு முடிங்க." தகரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நெவில் ஏழு வாரம் வேலை செய்தான். அவன் வாழ்நாளில் அதைவிடக் கெட்டியான தரை போட்டதில்லை. காரை எடுக்க மோரீன் வரவில்லை, கிரெய்க் வந்தான். அப்பா செத்த வயதைத் தாண்டிவிட்டவன். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் இருக்கையில் உட்கார்ந்து, குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

"இது தாங்குமா?"

யாரிடமும் யானைக் கதை சொல்லத் தயங்காத நெவில், தாங்கும் என்பதுபோல் வெறுமனே தலையை ஆட்டினான். நெவில் வாய் திறந்து சொல்லட்டும் என்று கிரெய்க் காத்திருந்தான். நெவில் இன்னொரு முறை தலையை மட்டும் ஆட்டினான். ஓட்டிக்கொண்டு போக வந்த கிரெய்க் காரைவிட்டு இறங்கி, இழுவை வண்டியை வரச்சொல்லிப் போன் செய்தான்.