துண்டில் சுற்றிய பலகை

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுக்காரரோ, "வுடு லா, போனது போச்சு" என்கிறார். போனது அவருடைய தூக்கமா என்ன?

ரப்பர்த் தோட்ட வேலையை விட்டபின், மலேசியாவின் கோலசிலாங்கூரில் வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டித் திலாப்பியா மீன் வளர்த்தோம். காற்றுப் பம்பு நின்றால் சில மணி நேரத்தில் மீன் மிதந்துவிடும். அதற்காகவே உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை ஒன்றை வாங்கி, தண்ணீரின் ஆக்ஸிஜனை அளந்து, கிளவுட் என்கிற இணையக் கிடங்குக்கு அனுப்ப வைத்தேன். குறைந்தால் என் கைப்பேசி கத்தும். சொல்வது சுலபம். ரகசியச் சாவி எண் சரியில்லை, டிஜிட்டல் சான்றிதழ் சரியில்லை என்று அந்தக் கிளவுட் என்னை வாசலிலேயே நிறுத்தி உயிரை வாங்கியது. ஒருவழியாக உள்ளே விட்ட அன்று சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

முதன்முதலாக மீன் பிடித்து விற்க இருந்த வாரம், தூரத்தில் ராசா என்கிற ஊரில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனேன். பந்தியில் கைப்பேசியைப் பார்த்தேன். எண் நன்றாக இருந்தது. பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வந்தால், தொட்டி முழுக்க வெள்ளை வயிறு. மின்னலில் பம்பு சுவிட்ச் தானாக அணைந்து விழுந்திருந்தது. மனிதர் மழைக்கு இதமாகத் தூங்கியிருக்கிறார். வலையும் கையுமாக வீட்டுக்குள் ஓடினேன்.

"பலகை எங்கங்க?"

அலமாரியிலிருந்து துண்டில் சுற்றியதை எடுத்தார். "இடி இடிச்சுச்சு லா. டிவி, வைஃபை எல்லாத்தையும் புடுங்குனேன். பம்ப மட்டும் வுட்டேன், மீனுக்கு வேணுமில்ல. இது நீ அம்புட்டு கஷ்டப்பட்டு செஞ்சது, இடி வுழுந்து பூட்டா?"

தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், இருந்த காலத்துப் பழக்கம்! முதல் இடிக்கே வீடு வீடாகப் பிளக்கைப் பிடுங்குவோம். நான் பார்த்த எண், அவர் பிடுங்குமுன் பலகை கடைசியாக அனுப்பியது. பலகை ஊமையானாலும் கிளவுட் அதையேதான் காட்டிக்கொண்டிருக்கும், பாழாய்ப்போனது!

"இது போனா கடையில இன்னொன்னு கெடைக்கும்யா! இடி நேரத்துக்குத்தானய்யா இத வச்சதே!" தெருவே கேட்கக் கத்தினேன்.

பதறிப்போய் எல்லாவற்றையும் மறுபடி செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சான்றிதழ் கீன்றிதழ் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளவுட் உள்ளே விட்டது. கைப்பேசி கத்தியது: தொட்டியில் ஆக்ஸிஜன் குறைவு.

"பாத்தியா, நல்லாத்தான் வேல செய்யுது," என்றார் நிம்மதியாக.

கையிலிருந்த வலையை அவர்மேல் வீசி எறிந்தேன்.