பதினேழாம் பக்கத்துத் தையல்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்தான் தையல்காரி. ஆனால் வீட்டுக்கு எதிரே இருக்கும் நூலகத்தில் அவளைவிட அதிகம் படித்தவர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். இருபது வருஷமாக வாரம் மூன்று புத்தகம், தவறாது. "என்னைக் கட்டினதுக்கு அந்த லைப்ரரியக் கட்டியிருக்கலாம் நீ" என்பான் லாரி ஓட்டும் கணவன். "கட்டியிருக்கலாம்தான். அது குறட்டை விடாதே" என்பாள் இவள்.

ஒரே தொல்லை, ஞாபகமறதி. படித்ததையே மறுபடி எடுத்து வந்து, பாதியில் "அட, இதுவா!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அதனால் படித்து முடித்ததும் பதினேழாம் பக்கத்தின் அடி ஓரத்தில் பொடியாக ஒரு தையல் போட்டுவிடுவாள். சிரிக்க வைத்த புத்தகத்துக்குப் பச்சை நூல், அழ வைத்ததற்குச் சிவப்பு, தூங்க வைத்ததற்குக் கறுப்பு. யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்தான்.

புதிதாக வந்த நூலகர் அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். கண்டுபிடித்துவிட்டார். 'புத்தகத்தில் தைப்பவரின் உறுப்பினர் அட்டை ரத்து செய்யப்படும்' என்று வாசலில் ஒட்டியும்விட்டார். தையல்காரி அதை இரண்டு தரம் படித்தாள். அட்டை போய்விட்டால் அப்புறம் வாழ்க்கையில் மெஷினும் ஊரார் சட்டையும்தானே மிச்சம்? அன்றோடு ஊசியைப் புத்தகத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். சட்டைக்குப் பட்டன் வைக்க வந்த முடிதிருத்தும் தம்பி அலுத்துக்கொண்டான்.

"என்னக்கா, புதுசா நாப்பது புத்தகம் வந்திருக்கு, ஒண்ணுலகூட நூலக் காணோம்? எதை நம்பி எடுக்கிறது?"

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படிடா தெரியும்?"

"எனக்கா? ஊருக்கே தெரியும்! போஸ்ட்மேன் பச்சையைத் தவிர தொட மாட்டார். என் பொண்டாட்டிக்குச் சிவப்பு. கறுப்ப எங்க மாமனாருக்கு எடுத்துட்டுப் போவேன், சாப்பிட்டதும் மனுஷன் நிம்மதியாத் தூங்குவார்."

தன் தையலை நம்பி ஊரே படிக்கிறதா! பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஊருக்குத் தெரிந்தது நூலகருக்குத் தெரிய எத்தனை நாளாகும்? பிடிபட்டு அசிங்கப்படுவதைவிடத் தானே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள்.

"மேடம், தைச்சது நான்தான்."

"தெரியாமலா? இந்தத் தெருவுல ஊசியும் கையுமா இருக்கிறது வேற யாரு? கார்டைக் குடுங்க."

ஓரம் நைந்துபோன அட்டை அது. துணி வைத்து அவளே தைத்திருந்தாள். அந்த ஓரத்தை ஒருமுறை விரலால் நீவிவிட்டு நீட்டினாள்.

நூலகர் மேஜையிலிருந்த புதுப் புத்தகங்களைக் காட்டினார். "இதை ஒருத்தரும் எடுக்கல. பதினேழாம் பக்கத்தைப் பாக்கிறாங்க, வச்சுட்டுப் போயிடறாங்க. இனிமே புத்தகத்துல ஊசி படக் கூடாது. துண்டுத் தாள் தர்றேன், அதுல தைச்சு உள்ள வையுங்க. அப்புறம், போன வாரம் ஒரு சிவப்ப பஸ்ஸுல படிச்சேன். கண்டக்டர் பதறிப்போய் வீட்டுல ஏதாவது துக்கமான்னு கேட்டார். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு ரெண்டு தையலாப் போடுங்க."

சொல்லிக்கொண்டே அட்டையில் 'மூன்று' என்றிருந்ததை அடித்து, 'பத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

பத்துப் புத்தகங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள் தையல்காரி. சந்தோஷத்தில் வாய் காதுவரை போயிருந்தது. லாரிக்காரன் என்னவென்று கேட்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"இனிமே சமையல் நீதான்."